ஆடும் மூட்டுக்குப் புஷ்ஷா, பேரிங்கா?

பீளமேடு, கோவை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே ஆடிக் காற்று தொடங்கிவிட்டது; கணவாய்ப் பக்கமிருந்து அடிக்கிற அடியில் வாசலெல்லாம் மண். அங்கே மழை எப்படி?

பையன் கட்டும் பக்கி வண்டியில் (மண்பாதையில் ஓட்டுகிற சின்ன வண்டி) பின் ஆர்ம், அதாவது பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை, சட்டத்தோடு சேரும் மூட்டுக்குப் பேரிங்கா புஷ்ஷா என்று கேட்டிருந்தாய். கன்மெட்டல் புஷ்ஷே, அதாவது வெண்கல வகை உலோகத்தில் செய்த குழாய் போன்ற உறையே, போடச் சொல்.

பம்பு மோட்டார் பார்த்துப் பழகிய நம்ம ஊர்க் கைக்கு 6205 எண்ணுள்ள குண்டு பேரிங்தான் முதலில் தோன்றும். மோட்டாரில் அது நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடுகிறது. குண்டுகள் உருண்டுகொண்டே இருப்பதால் கிரீஸும் கூடவே சுற்றி வரும். சஸ்பென்ஷன் மூட்டு சுற்றாது, ஆடும். மேலே 20 டிகிரி, கீழே 20 டிகிரி, அவ்வளவுதான். குண்டு இருந்த இடத்திலேயே அசைந்து, அடியிலுள்ள கிரீஸைப் பிதுக்கித் தள்ளிவிடும். தள்ளினது திரும்பி வராது. பிறகு இரும்போடு இரும்பு உரசிச் செம்பழுப்புப் பொடி கிளம்பும், பாதையில் வரிசையாகக் குழி விழும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால், புள்ளியளவு தொடுகிற குண்டின் மேல்தான் அத்தனை அடியும்.

குண்டுக்குப் பதில் ஊசி போன்ற உருளைகள் உள்ள நீடில் பேரிங் பரவாயில்லை. மோட்டோகிராஸ் பைக்குகளின் ஸ்விங் ஆர்மில் அதுதான் இருக்கிறது. ஆனால் அதன் உள் ஸ்லீவ் (போல்ட்டின் மேல் ஏறும் இரும்புக் குழாய்) ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 58க்குக் குறையாமல் கடினமாகி, கிரைண்டிங்கும் ஆகியிருக்க வேண்டும். பக்கவாட்டு விசையை ஊசி தாங்காது, அதைத் தாங்க இருபுறமும் த்ரஸ்ட் வாஷர் வேண்டும். சேறு புகுந்தால் கழற்றிக் கழுவியே தீரணும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றுகிற ஆளுக்குத்தான் அது ஆகும்.

இனி புஷ் வேலை. ஆர்மை முழுக்க வெல்டு அடித்து ஆறவிட்ட பிறகே டியூப்பை போரிங் செய்யணும். முதலில் போரிங் செய்துவிட்டு வெல்டு வைத்தால் துளை கோணிப்போகும். புஷ்ஷை 0.03 மி.மீ. இறுக்கத்தில் பிரஸ் செய்தால் உள்விட்டம் சற்றுச் சுருங்கும். அதனால் உள்விட்டத்தை 24.8 மி.மீ. விட்டு வைத்து, பிரஸ் செய்த பின் ஆர்மின் இரு முனையிலுமுள்ள இரண்டு புஷ்ஷையும் ஒட்டுக்காக ஒரே ஓட்டத்தில் 25 மி.மீ. ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) விடச் சொல். தனித்தனியாக விட்டால் நேர் வராது, ஸ்லீவ் பிடிக்கும். ஸ்லீவுக்கு இஎன்8 என்கிற எஃகு போதும். இண்டக்‌ஷன் ஹார்டனிங் (மேற்பரப்பை மட்டும் சூடேற்றிக் கடினமாக்குவது) செய்து 24.97 மி.மீ.க்கு கிரைண்டிங்.

ரொம்பப் பேர் தப்பு விடுகிற இடம் இதுதான், மாப்ள: போல்ட்டே புஷ்ஷுக்குள் சுழலக் கூடாது. ஆர்ம் டியூப்பு, புஷ் காலர், வாஷர் எல்லாம் சேர்ந்த நீளத்தைவிட ஸ்லீவ் 0.2 மி.மீ. கூடுதலாக இருக்கணும். அப்போதுதான் போல்ட் ஸ்லீவை பிராக்கெட்டோடு சேர்த்து இறுக்கும், ஆர்ம் ஸ்லீவின் மேல் ஆடும். குறைவாக இருந்தால் ஆர்மே கவ்வப்பட்டு ஆடாது. அதற்குப் பயந்து நட்டைத் தளர்த்தி விட்டால் போல்ட் ஆடி ஆடி பிராக்கெட் துளை முட்டை வடிவமாகிவிடும்.

இரண்டு புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸ் நிப்பிள் வை. இரு முனையிலும் சேறு புகாமல் தடுக்கும் சீலின் உதடு வெளியே பார்க்கட்டும். பம்பு அடித்தால் பழைய கிரீஸ் அழுக்கோடு வெளியேறும், சேறு உள்ளே வராது. தண்ணீரில் இறக்கின வண்டிக்கு அன்றைக்கே அடித்துவிடணும்.

கடையில் எண்ணெய் ஊறின சின்டர் புஷ் (உலோகப் பொடியை அழுத்திச் சூடேற்றிச் செய்தது) கொடுப்பார்கள், வாங்காதே. தண்டு தொடர்ந்து சுற்றினால்தான் அதில் எண்ணெய் கசிந்து வரும். நைலானும் வேண்டாம், ஈரம் குடித்து உப்பி ஸ்லீவைப் பிடித்துக்கொள்ளும்.

முன் பக்கம் ஜீப்பின் ரப்பர் புஷ் என்று எழுதியிருந்தாய். அது உரசுவதில்லை, ரப்பரே முறுக்கிக் கொடுக்கும், கிரீஸ் காட்டாதே. வண்டி நாலு சக்கரத்தில் தன் எடையோடு நிற்கும்போதுதான் அந்த நட்டை முடுக்கணும். ஜாக்கியில் தொங்கும்போது முடுக்கினால், கீழே இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழியும்.

டியூப்பின் உள்விட்டமும் பிராக்கெட் இடைவெளியும் வெர்னியரில் அளந்து எழுது. ஸ்லீவ் நீளத்தைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்