செயலாளரின் ஆண்டறிக்கை: எமது கத்தோலிக்கப் பாடசாலைகளில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான பணி

மதிப்பிற்குரிய ஆன்மீக இயக்குநர் தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, அதிபர்களே, அருட்சகோதரிகளே, ஆசிரியர்களே, பெற்றோரே,

கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி ஆகிய பகுதிகளின் கத்தோலிக்கப் பாடசாலைகளில் தமிழ்மொழி மூலம் பயிலும் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு உதவும் எமது சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் பங்கு மண்டபத்தில் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். செலவுகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை நான் விளக்குகிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தில் நீண்ட விவாதத்தின் பின் ஒரு தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. நத்தார் காலத்தில் பிள்ளைகளை மண்டபத்துக்கு அழைத்துப் பரிசுப்பொதி வழங்கும் நிகழ்ச்சியை நிறுத்தி, அதற்கான நிதியை வகுப்பறைக்குள் நடைபெறும் வேலைகளுக்கு மாற்றுவது என்பதே அது. மூத்த உறுப்பினர்கள் சிலர் இதனால் மனம் வருந்தினர். அந்நிகழ்ச்சியைத் தொடங்கி வளர்த்தவர்கள் அவர்களே ஆதலால் அவர்களின் வருத்தத்தை நான் மதிக்கிறேன். எனினும், ஆண்டு முழுவதும் பாடசாலைகளுக்குச் சென்று வந்த பின்னர், அத்தீர்மானம் சரியானது என்றே உறுதியாகக் கூறுவேன். மேடையில் பரிசு பெற்றுப் படத்துக்கு நின்ற பிள்ளை, அடுத்த தவணை தொடங்கியதும் கடைசி வாங்கில் அமர்ந்து, கரும்பலகையில் எழுதப்பட்டதைப் பார்க்க முடியாமலோ ஆசிரியர் சொல்வதைக் கேட்க முடியாமலோ முழு நாளையும் கழித்தது. வரவு இடாப்பில் அப்பிள்ளைக்கு நாள் தவறாமல் அடையாளம் இடப்பட்டிருந்தது. பாடமோ அப்பிள்ளையை எட்டவில்லை.

சேர்ப்பு விடயத்தில் இவ்வாண்டும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஓட்டிசம் உள்ள ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை, மற்றப் பிள்ளைகளின் படிப்புக் குழம்பும் என்று கூறி ஒரு பாடசாலை திருப்பி அனுப்பியது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனமொன்றில் சேர்த்துக்கொள்ளும்போது வலுவிழப்பைக் காரணமாகக் காட்டி எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று அதன் 23 ஆம் பிரிவில் கூறுகிறது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்தது. அதன் 24 ஆம் உறுப்புரை, வலுவிழந்த பிள்ளைகளும் மற்றவர்களுடன் சேர்ந்து பயிலும் உட்படுத்தல் கல்வியை உரிமையாக ஏற்கிறது. நாம் இச்சட்டங்களின் பிரதிகளை எடுத்துச் சென்றோம். ஆனால் அவற்றை மேசையில் வைப்பதற்கு முன், அச்சிறுவனுடன் அமரத்தக்க உதவியாளர் ஒருவரை ஒரு தவணைக்கு நாமே ஒழுங்கு செய்வதாகக் கூறினோம். அதிபரின் அச்சம் உண்மையானது. நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் நிற்கும் வகுப்பில், திடீரென எழுந்து ஓடும் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்குச் சட்டப்பிரிவு விடை தராது. சிறுவன் சேர்க்கப்பட்டான். வகுப்பு ஆசிரியை அவனுக்காக நாளின் வேலைகளைப் படங்களாக வரைந்து மேசையில் ஒட்டிவைத்தார். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்தபின் அவன் ஓடுவது பெரிதும் குறைந்தது.

ஆண்டின் மிகப் பயனுள்ள மாற்றத்துக்கு ஒரு சதமும் செலவாகவில்லை என்பதைச் சபை கவனிக்க வேண்டுகிறேன். தரம் 8 இல் பயிலும், சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒரு மாணவனை அவனுடைய தாயார் நாளொன்றுக்கு நான்கு முறை இரண்டாம் மாடிக்குத் தூக்கிச் சென்றுகொண்டிருந்தார். இடைவேளைக்கு இறக்கி ஏற்றவென்று பாடசாலை வாசலிலேயே காத்திருந்தமையால் அவர் தம் தையல் வேலையையும் இழந்திருந்தார். நாம் அதிபரிடம் கேட்டதெல்லாம் அந்த வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தருமாறுதான். ஒரே வாரத்தில் அது நடந்தது. இதுவரை ஏன் கேட்கவில்லை என்று தாயாரை வினவியபோது, பிள்ளையைச் சேர்த்துக்கொண்டதே பெரிது, மேலும் கேட்டால் மனம் மாறிவிடுவார்களோ என்று பயந்ததாகக் கூறினார். அதே பாடசாலையின் கழிப்பறைக் கதவு அவனுடைய நாற்காலியைவிடக் குறுகலானது. அவ்வேலை இன்னும் முடியவில்லை.

சாய்வுப்பாதை பற்றி ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. முந்தைய ஆண்டில் நாம் கட்டிக்கொடுத்த பாதை ஒன்றரை அடி உயரத்தை ஆறடி நீளத்தில் ஏறியது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான அளவு. அதன்படி பதினெட்டு அடி இருந்திருக்க வேண்டும். செங்குத்தான அப்பாதையில் எந்தப் பிள்ளையும் தனியே ஏற முடியவில்லை. மழை நாட்களில் அது ஆபத்தாகவும் இருந்தது. இவ்வாண்டு அதை உடைத்து, கைபிடியுடன் சரியான அளவில் திரும்பக் கட்டினோம். இனி எந்தக் கட்டட வேலைக்கும் முன்னதாக, நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவரின் கருத்தைக் கேட்பது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

செவிப்புலன் குறைந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை, கருவி வாங்கிக் கொடுத்ததும் கடமை முடிந்தது என்ற எண்ணத்திலேயே நாம் பல காலம் இருந்துவிட்டோம். செவிப்புலக் கருவி ஆசிரியரின் குரலைப் பெரிதாக்கும்போது மின்விசிறியின் இரைச்சலையும், தெருவில் செல்லும் முச்சக்கரவண்டியின் ஒலியையும், கதிரை இழுபடும் ஓசையையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. பிள்ளையை முன் வரிசையில், தெருப்பக்கச் சன்னலுக்கு எதிர்ப்புறமாக அமர்த்துவது, கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசுவது, பழைய டென்னிஸ் பந்துகளை வெட்டிக் கதிரைக் கால்களில் பொருத்துவது ஆகிய மூன்றையும் ஆசிரியர்களிடம் வேண்டிக்கொண்டோம். பந்துகளை ஒரு விளையாட்டுக் கழகம் மனமுவந்து தந்தது. கொழும்பின் ஈரக்காற்றில் கருவிகள் விரைவில் பழுதாவதால், இரவில் அவற்றை உலரவைக்கச் சிலிக்கா ஜெல் இட்ட சிறு டப்பாக்களை வீடுகளுக்கு வழங்கினோம். மின்கலங்கள் ஒன்றிரண்டு வாரங்களில் தீர்ந்துவிடுகின்றன. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஏறிய விலை குடும்பங்களை இன்றும் அழுத்துவதால், மின்கலச் செலவைத் தொடர்ந்து ஏற்குமாறு சபையிடம் பரிந்துரைக்கிறேன்.

விழிப்புலனற்ற மாணவி ஒருத்தி தரம் 6 இல் எமது பகுதிப் பாடசாலையொன்றில் சேர்ந்தாள். 1912 இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கி, இன்று இரத்மலானையில் இயங்கும் பாடசாலையைப் போன்ற விசேட பாடசாலைகளே நெடுங்காலமாக இப்பிள்ளைகளுக்குக் கல்வி அளித்து வந்தன. அவற்றின் பணியைக் குறைத்துப் பேச எவருக்கும் தகுதியில்லை. வீட்டிலிருந்தபடி தங்கையுடன் சேர்ந்து பாடசாலை செல்லவேண்டும் என்பது இச்சிறுமியின் விருப்பம். மேடான புள்ளிகளை விரலால் தொட்டு வாசிக்கும் பிரெயில் எழுத்து அவளுக்குத் தெரியும், ஆசிரியர்களுக்குத் தெரியாது. எமது உறுப்பினர் ஒருவர் சனிக்கிழமைகளில் ஆசிரியைகள் மூவருக்குத் தமிழ் பிரெயில் கற்பித்தார். அவ்வகுப்பில் எதிர்பாராத ஒரு நன்மை விளைந்தது. அச்சில் 'கொ' என்பது முன்னே கொம்பும் பின்னே அரவுமாகக் ககரத்தைச் சுற்றி நிற்கிறது. பிரெயிலில் அது நாம் ஒலிக்கும் ஒழுங்கிலேயே முதலில் ககரமும் அடுத்து ஒகரமுமாக எழுதப்படுகிறது. இதைக் கற்ற ஆசிரியை, வாசிப்பதில் நீண்டகாலமாகத் தடுமாறிய வேறொரு மாணவனுக்கு எழுத்தின் வடிவத்தை விட்டு ஒலியிலிருந்து கற்பிக்கத் தொடங்கினார். மந்தபுத்தி என்று சொல்லப்பட்டுவந்த அவன், தவணை முடிவில் ஒரு பக்கக் கதையை உரத்து வாசித்தான். அன்று அவனுடைய அப்பா தொழிலுக்குப் போகாமல் வகுப்பு வாசலில் நின்று கேட்டார். எம் பேராலயம் கண்நோயாளரின் பாதுகாவலியான புனித லூசியாவின் பெயரைத் தாங்கி நிற்பதாலோ என்னவோ, அச்சிறுமி சேர்ந்ததிலிருந்து பங்கு மக்கள் பலர் தாமாகவே முன்வந்து பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தந்தனர். டிசம்பர் 13 ஆம் திகதி திருவிழாத் திருப்பலியில் முதல் வாசகத்தை அவளே பிரெயிலில் வாசித்தாள்.

பரீட்சைச் சலுகைகள் குறித்து நான் சபையிடம் மன்னிப்புக் கோருகிறேன். மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில் வினாத்தாள், எழுதி உதவுபவர் ஆகிய சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது. அதிபர் வழியாக, மருத்துவ அறிக்கையுடன், உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பார்வை குறைந்த மாணவி ஒருத்தியின் அறிக்கையைப் பெற்றுத் தருவதாக ஏற்றுக்கொண்ட நான் அதை நாள் கடந்தே பெற்றேன். அவள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையைச் சாதாரண அச்சு வினாத்தாளில், கண்ணை அதன்மேல் குனிந்து வைத்து எழுதினாள். இது முழுவதும் என் தவறு. மீண்டும் நிகழாதிருக்க, தரம் 10 தொடங்கும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்புத் திறக்கப்பட்டு, அதற்குப் பொறுப்பாக இருவர் நியமிக்கப்பட்டுள்ளனர்.

மறைக்கல்வியிலும் சிறிது முன்னேற்றம் உண்டு. உடல், உளக் குறைபாடு உடையோருக்கும் அவர்களின் நிலை இடந்தரும் அளவுக்கு மறைக்கல்வி அளிக்கப்பட வேண்டும் என்று 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 777 ஆம் விதியில், பங்குத்தந்தையரைப் பணிக்கிறது. காது கேளாத இளைஞன் மார்ட்டினுக்குச் சைகைகளாலேயே மறையுண்மைகளைக் கற்பித்த புனித பிரான்சிஸ் சலேசியாரின் வழியில், எமது மறையாசிரியர் இருவர் சைகைமொழி கற்று வருகின்றனர். முதல் நன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை, வாங்கிய பிள்ளைகளுள் இருவர் இவ்வாண்டு தம் வயதொத்தவர்களுடன் ஒரே வரிசையில் சென்றனர். இதுவரை அவர்களைப் போன்றோருக்குத் தனித் திருப்பலி வைப்பதே வழக்கமாக இருந்தது.

இறுதியாக உதவியாளர் விடயம். 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் பின் அரசிடம் சென்ற கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு விசேட கல்வி ஆசிரியர்களை அரசே நியமிக்க வேண்டும். அவற்றுக்காக வலயக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பித்துள்ளோம், பதில் வரவில்லை. தனியாராகத் தொடரும் பாடசாலைகள் தமக்கான ஆசிரியர்களைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது. ஓட்டிசம் உள்ள சிறுவனுடன் இருக்கும் உதவியாளருக்கான நிதி வரும் தவணையுடன் முடிகிறது. அதை மேலும் ஓராண்டு நீடிப்பதற்கும், கழிப்பறைக் கதவை அகலப்படுத்துவதற்கும் சபையின் ஒப்புதலைக் கோரி, எம்முடன் உழைத்த ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
கொழும்பு