ராசவள்ளியும் மார்ஷ்மெல்லோவும்

அன்புள்ள தம்பிக்கு,

வேலையிடத்து விருந்துக்கு ஊபே என்கிற ஊதாக் கிழங்கு போட்ட ரைஸ் கிறிஸ்பீஸ் (பெட்டியில் வரும் அரிசிப் பொரி) துண்டு செய்யும் முறையைக் கேட்டிருந்தாய். போறணை தேவையில்லை. கனமான ஒரு பானையும் ஒரு ரப்பர் அகப்பையும் 9 அங்குலச் சதுரத் தட்டொன்றும் இருந்தால் போதும். ஆனால் கனடாவில் வினிபெக்கில் இருந்துகொண்டு, கூட வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரருக்கே அவர்களுடைய ஊபேயைக் கொண்டுபோகிறாய். கவனமாகச் செய்.

ஊபே என்பது வேறொன்றுமில்லை, எங்கட ராசவள்ளிக் கிழங்குதான். நாங்கள் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சுகிறோம். பிலிப்பைன்ஸ்காரர் தேங்காய்ப்பாலோடு ரின்பாலும் (சீனி போட்ட கெட்டிப்பால்) பட்டரும் சேர்த்துத் தொதல் மாதிரிக் கிண்டி, ஊபே ஹலாயா என்கிறார்கள். அங்கே பாகியோ நகரத்தில் கன்னியாஸ்திரிகள் போத்தலில் அடைத்து விற்கும் ஹலாயா பேர்போனது. பொஹோல் தீவில் இந்தக் கிழங்கு கைதவறி நிலத்தில் விழுந்தால் எடுத்து முத்தமிடுகிற வழக்கம் உண்டு. அப்படி வளர்ந்த ஆட்களுக்கு வெறும் ஊதாச் சாயத்தைக் கொடுத்தால் முதல் கடியிலேயே பிடிபட்டுவிடும்.

மற்றப் பாதியான ரைஸ் கிறிஸ்பீஸ் துண்டு அமெரிக்காச் சாமான். 1939இல், ரைஸ் கிறிஸ்பீஸ் செய்கிற கெலொக்ஸ் கொம்பனியில் வேலை செய்த மில்ட்ரெட் டே, மலிற்றா ஜென்சன் என்ற இரண்டு பெண்களின் கைவேலை. எங்கட பொரி உருண்டையை நினைத்துக்கொள்: பொரியைப் பாகு பிடித்து நிற்கிறது. இங்கே பாகுக்குப் பதில் மார்ஷ்மெல்லோ என்கிற பஞ்சு மாதிரி மெத்தென்ற இனிப்பு, அவ்வளவுதான். பொரி உருண்டையைக் கெடுப்பது எதுவோ அதுதான் இதையும் கெடுக்கும்: பாகின் பதம் தப்புவது, பொரியில் ஈரம் படுவது. ஊபே போடும்போது இரண்டாவது ஆபத்துத்தான் பெரிது. கிழங்கை அவித்து மசித்து அப்படியே போட்டால் நிறம் வடிவாக வரும், ஒரு மணித்தியாலத்தில் பொரி நமத்துச் சதசதவென்று ஆகிவிடும்.

ஊபேயை மூன்று விதமாக வாங்கலாம்: எசன்ஸ், தூள், ஹலாயா. எசன்ஸ் நிறத்துக்கும் வாசத்துக்கும் நல்லது, ருசியில் கிழங்கு இராது. தூளில் ஈரம் இல்லாதபடியால் பயமில்லை. ஆனால் அது தரும் நிறம் சாம்பல் பாரித்த மங்கல் ஊதா. ஹலாயாவில்தான் உண்மையான ருசி, ஈரமும் அதில்தான். என்னைக் கேட்டால் ஹலாயாவும் எசன்ஸும் சேர்த்துப் போடு. தூள் வாங்கினால் பொதியில் ஊபே என்று இருக்கிறதா பார். ராறோ என்று இருந்தால் அது சேம்பு வகை. ஊதா வத்தாளங்கிழங்குத் தூளும் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். வெறும் சாயமா என்று சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை தூளைத் தண்ணீரில் கரைத்து இரண்டு துளி தேசிக்காய்ப்புளி விடு. கிழங்கின் இயற்கை நிறம் ரோசாப்பூ நிறத்துக்கு மாறும். சாயம் பெரும்பாலும் அசையாது.

ஹலாயாவை நீயே செய்வதானால், பிலிப்பைன்ஸ் கடையில் துருவி உறைய வைத்த ஊபே 454 கிராம் பொதி இருக்கும். அதோடு 400 மில்லிலீற்றர் தேங்காய்ப்பால், 300 மில்லிலீற்றர் ரின்பால், 50 கிராம் பட்டர். மெல்லிய நெருப்பில் 40, 50 நிமிடம் அடி பிடிக்காமல் கிண்ட வேண்டும். அகப்பையால் நடுவில் கோடு கீறினால் அந்தக் கோடு மூடாமல் நிற்பதுதான் பதம். முழுக் கிழங்கு கிடைத்தால் தோல் சீவமுதல் கையில் எண்ணெய் பூசிக்கொள், இல்லாவிட்டால் அரிக்கும். துண்டு போடுவதற்கு இதில் இரண்டு மேசைக்கரண்டிதான் வேண்டும். மிச்சத்தைப் பாணுக்குப் பூசிச் சாப்பிடு.

அளவு இதுதான். உப்பில்லாத பட்டர் 60 கிராம். சின்ன மார்ஷ்மெல்லோ 250 கிராம் பை ஒன்று, அதைவிட இன்னும் ஒரு கைப்பிடி. ஹலாயா 2 மேசைக்கரண்டி. ஊபே எசன்ஸ் 1 தேக்கரண்டி. உப்புக் கால் தேக்கரண்டி. ரைஸ் கிறிஸ்பீஸ் 5 கப். பெட்டியில் 6 கப் என்று போட்டிருக்கும், அதைப் பார்க்காதே. ஒரு கப்பைக் குறைத்தால்தான் துண்டு மிருதுவாக வரும். உப்பை விட்டுவிடாதே. அது இல்லாவிட்டால் ஊபேயின் வாசம் சீனிக்குள் அமுங்கிப்போகும்.

முதலில் தட்டில் ஒயில் பேப்பரை விரித்துப் பட்டர் தடவி வை. பொரியையும் அளந்து பக்கத்தில் வை, பிறகு நேரம் கிடைக்காது. பானையில் பட்டரை மெல்லிய நெருப்பில் உருக்கு. சிலர் பட்டரைச் சிவக்க வறுக்கச் சொல்வார்கள். வெறும் துண்டுக்கு அது அருமைதான், ஊபேக்குச் சரிவராது. மண்ணிறமும் ஊதாவும் சேர்ந்தால் சேற்று நிறம், வாசமும் அடிபட்டுப்போகும்.

பட்டர் உருகியதும் ஹலாயாவைப் போட்டுக் கரைத்து மூன்று நான்கு நிமிடம் வதக்கு. முதலில் கொழகொழவென்று இருக்கும், சின்னச் சின்னக் குமிழி வெடிக்கும். பிறகு குமிழி அடங்கி, ஹலாயா ஒன்றாய்த் திரண்டு, ஓரத்தில் பட்டர் பிரிந்து மினுங்கும். தண்ணீர் போய்விட்டது என்பதற்கு அந்த மினுக்கம்தான் அடையாளம். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு எதனாலும் திருத்த முடியாது. (ஹலாயாவுக்குப் பதில் தூள் என்றால் 2 மேசைக்கரண்டியைப் பட்டரில் ஒரு நிமிடம் பிரட்டினால் போதும், தண்ணீரில் கரைக்காதே.)

இனி 250 கிராம் மார்ஷ்மெல்லோவையும் உப்பையும் போட்டு அதே மெல்லிய நெருப்பில் கிளறு. முக்கால்வாசி உருகி, இடைக்கிடை வெள்ளைக் கட்டி தெரியும்போதே பானையை இறக்கிவிடு. உன்னுடைய மின்னடுப்பு நிறுத்தின பிறகும் சூடாகவே இருக்கும், ஆகவே பானையை அடுப்பிலேயே விடாதே. மிச்சக் கட்டி பானைச் சூட்டிலேயே கரையும். நெருப்பைக் கூட்டினாலும், கூடநேரம் வைத்தாலும் உள்ள ஈரம் போய்ப் பாகு இறுகிவிடும். ஆறின பிறகு துண்டு பல்லை உடைக்கும். அடுத்த நாள் கல்லாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் பழுதைப் பொரியில் தேடுவார்கள். அநேகமாகக் காரணம் அடுப்புத்தான்.

எசன்ஸை இறக்கின பிறகுதான் விடவேண்டும், கொதியில் விட்டால் வாசம் பறந்துவிடும். நிறம் போதாதென்று இரண்டு தேக்கரண்டிக்கு மேலே போகாதே, மருந்து நெடி அடிக்கும். மரப்பலகையிலும் சட்டையிலும் பட்டால் இலேசில் போகாது.

பொரியைக் கொட்டி அடியிலிருந்து மேலே புரட்டு, நொறுக்காதே. எல்லாம் ஊதாவான பிறகு எடுத்துவைத்த ஒரு கைப்பிடி மார்ஷ்மெல்லோவைப் போட்டு இரண்டு தரம் புரட்டு. அது கரையாமல் வெள்ளையாக இடையிடையே நிற்கவேண்டும். தட்டில் கொட்டி, பட்டர் தடவின ஒயில் பேப்பரை மேலே வைத்து உள்ளங்கையால் மெதுவாகச் சமன் செய். அமத்தி இறுக்கினால் பொரிக்கிடையில் இருக்கும் காற்று போய்ச் செங்கல் மாதிரி வரும். மேலே தூவ விருப்பம் என்றால் வறுத்த உலர் தேங்காய்த்தூள். பச்சைத் தேங்காய்ப்பூ கூடாது, ஈரம். 45 நிமிடம் ஆறவிட்டு, பட்டர் தடவின கத்தியால் 16 துண்டாக வெட்டு.

கொண்டுபோகும் இடத்தில் சாப்பாட்டு விலக்கு உள்ளவர்களைக் கேட்டுக்கொள். சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலற்றின் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. ஹலால் என்று எழுதியிருப்பதில் அநேகமாக மாட்டு ஜெலற்றின், எங்கட ஆட்கள் சிலருக்கு அதுவும் ஆகாது. சைவ மார்ஷ்மெல்லோ கிடைக்கிறது. அது உருகப் பஞ்சிப்படும், பட்டர் இன்னும் ஒரு மேசைக்கரண்டி விட்டுப் பொறுமையாகக் கிளற வேண்டும். பட்டரும் ரின்பாலும் பாற்சாமான் என்பதால் வீகன் ஆட்களுக்கு அதோடும் சரிவராது. ரைஸ் கிறிஸ்பீஸ் அரிசிதானே என்று குளுட்டன் ஆகாதவர்களுக்குக் கொடுத்துவிடாதே, அதில் குளுட்டன் உள்ள பார்லி மோல்ட் சேர்ந்திருக்கிறது.

முதல் நாள் இரவு செய்தால் போதும். பிரிட்ஜில் வைக்காதே, இறுகிவிடும். காற்றுப் புகாத பெட்டியில், அடுக்குக்கு அடுக்கு ஒயில் பேப்பர் போட்டு வெளியிலேயே வை. உங்கட பக்கத்துக் குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடுகிற வீட்டுக்குள் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும், மூடாமல் விட்டால் ஓரமெல்லாம் வறண்டுபோகும். ஹலாயா சேர்ந்தபடியால் இரண்டு நாளுக்குள் முடித்துவிடு.

பானையைச் சுரண்டாதே. தண்ணீர் ஊற்றி ஒரு கொதி கொதிக்கவிட்டால் ஒட்டினதெல்லாம் தானாகக் கரைந்துவிடும்.

அன்புடன்,
அம்மா