மெயின் சுவிட்சை அணைத்தும் இறங்கும் பேட்டரி

அனுப்புநர்: ஃபைபர் படகு உரிமையாளர், பாம்பன்.
பெறுநர்: மேலாளர், படகு ஒயரிங் நிறுவனம்.
பொருள்: தவறான ஒயரிங்கால் பேட்டரி இறங்குவது பற்றிய புகார்.

ஐயா,

நீங்கள் ஒயரிங் செய்த எங்கள் படகில் நான்கு மாதத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. காற்று அடித்து ஐந்து நாள் கடலுக்குப் போகவில்லை என்றால் போதும், 12.6 வோல்ட் இருந்த பேட்டரி 11.5-க்கு வந்துவிடுகிறது. பேட்டரிதான் கெட்டது என்று உங்கள் ஆள் சொன்னதை நம்பி, 6,800 ரூபாய்க்குப் புதிதாக 60 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி வாங்கினேன். அதுவும் அதே கதிதான்.

போன வாரம் என் மச்சான் மல்டிமீட்டர் கொண்டுவந்தார். மெயின் சுவிட்சை அணைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி இடையில் மீட்டரைக் கொடுத்தால் 0.42 ஆம்பியர் ஓடுகிறது. அப்படியென்றால் ஒரு நாளைக்குப் பத்து ஏ.எச். போகிறது. அறுபதில் ஐந்து நாளைக்கு ஐம்பது போனால் என்ன மிஞ்சும்?

பாசிட்டிவ் பக்கம் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். வயர்லெஸ் ஒயரை எடுத்ததும் மீட்டர் 0.05-க்கு இறங்கியது. திரும்ப மாட்டி, ரெக்சின் உறையைத் தூக்கினால் வயர்லெஸ் திரை மங்கலாக எரிகிறது! சத்தம் குறைவாக இருந்ததால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. மெயினை அணைத்தால் எல்லாம் அணையும் என்று சொன்னது நீங்கள்தான். ஆனால் வயர்லெஸ்ஸை மெயினுக்கு முன்னாலேயே, நேராகப் பேட்டரியிலிருந்து, ஃபியூஸ்கூட இல்லாமல் கொடுத்திருக்கிறீர்கள்.

மீதி 0.05, தண்ணீர் இறைக்கும் பம்ப் ஒயரில். மெயினை அணைத்தாலும் பம்ப் ஓட வேண்டும் என்பதால் அதை நேரடியாகப் பேட்டரியில் கொடுத்தது சரிதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பலகைக்கு அடியில் ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருக்கிறீர்கள். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்து, விரல் பட்டதும் உதிர்கிறது. உப்புத் தண்ணீர் ஏறுகிற இடத்தில் இப்படியா செய்வது?

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு நடுக்கடலில் விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ். எல்லாம் நின்றுவிட்டன. ஜி.பி.எஸ். இல்லாமல் இலங்கை எல்லை எங்கே என்று எப்படித் தெரியும்? படகில் மூன்று பேர் இருந்தோம். எஞ்சின் கயிறு இழுத்துக் கிளப்புவது என்பதால்தான் கரை வந்து சேர்ந்தோம்.

வயர்லெஸ்ஸை மெயினுக்குப் பின்னால் மாற்றிக் கொடுங்கள். பம்ப், வயர்லெஸ் இரண்டுக்கும் ஃபியூஸ் போடுங்கள். வெள்ளீயம் பூசிய ஒயரில், தண்ணீர் புகாத இணைப்பாகச் செய்யுங்கள். அடிக்கடி முழுசாக இறங்கிய புது பேட்டரியும் இனி நாள் தாங்காது, அதனால் அதன் விலையைத் திருப்பித் தர வேண்டும். அப்புறம், எங்கள் கரையில் நீங்கள் ஒயரிங் செய்த மற்ற படகுகளையும் வந்து பாருங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். மீட்டர் காட்டியதைப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
படகு உரிமையாளர்