கொம்பு முன்னால் வர வேண்டும், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

போனில் பேசும்போதெல்லாம் "ஆபீசில் என்னம்மா வேலை தருகிறார்கள்?" என்று கேட்கிறீர்கள். "டிசைன் வேலைதான்ப்பா" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். அது உங்களுக்குப் போதவில்லை என்று தெரியும். செய்ததைப் படம் எடுத்து அனுப்பவும் வழியில்லை. சேர்ந்த அன்றே, வெளியாகாத எதையும் யாருக்கும் காட்டக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இன்டர்ன்ஷிப் முடியும்வரை நான் போடுகிற ஒவ்வொரு கோடும் கம்பெனிக்குச் சொந்தம். அதனால்தான் இந்தக் கடிதம். இதில் சொல்லப்போகிற வேலை போன வாரம் வெளியாகிவிட்டது, அதைப் பற்றிப் பேசலாம்.

வரும்போது புதிதாக ஏதாவது வரையச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் வந்தேன். முதல் வாரம் முழுக்க ஒரு புத்தகத்தைப் படிக்கச் சொன்னார்கள். பிராண்ட் கைடு என்பார்கள், 200 பக்கத்துக்கு மேல் இருக்கும். லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும், அதை எவ்வளவு சிறிதாக்கலாம், அதற்கு மேல் ஏன் கூடாது என்று எல்லாம் அதில் உண்டு. ஒரே சிவப்புக்கு மூன்று கணக்கு: திரைக்கு ஒன்று, நான்கு வண்ண அச்சுக்கு ஒன்று, தனி மையில் அடிப்பதற்கு ஒரு பான்டோன் எண். அச்சகத்தில் நீங்கள் மையைக் கலந்து, ஒரு துண்டுத் தாளில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்களே. எந்த நாட்டு அச்சகமானாலும் அந்த மையை ஒரே எண்ணால் கேட்க முடியட்டும் என்று 1963இல் வந்த ஏற்பாடுதான் இந்தப் பான்டோன்.

அப்புறம் வேலை தந்தார்கள். ஒரே விளம்பரத்தைப் பல அளவுகளில், பல மொழிகளில் மாற்றிப் போடுவது. மூன்று வாரம் அது மட்டும்தான். முதலில் எனக்கு வருத்தமாகவே இருந்தது, மறைக்கவில்லை. நான்கு வருடம் படித்தது பெட்டியைப் பெரிதாக்கிச் சிறிதாக்கவா என்று ஒரு ராத்திரி அழுதேன். செய்யச் செய்யத்தான் அதில் இருக்கிற கஷ்டம் கண்ணுக்குப் பட்டது. ஆங்கிலத்தில் சரியாக அடங்கிய வரி ஜெர்மனுக்குப் போனால் நீண்டு பெட்டியை விட்டு வெளியே வரும். அரபி வலமிருந்து இடம் போகும் என்பதால் பக்கம் மொத்தமும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்ப வேண்டும், "அடுத்து" என்று காட்டும் அம்புக்குறிகூடத் திரும்ப வேண்டும். ஆனால் லோகோ திரும்பக்கூடாது. சாம்பல் பின்னணியில் வெளிர் எழுத்து அழகாக இருக்கிறது என்று ஒரு நாள் போட்டேன். பார்வை மங்கியவர்களால் படிக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வித்தியாசம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதி. அளவில் பெரிய எழுத்தென்றால் 3க்கு 1 போதும். இப்போது எதைச் செய்தாலும் முதலில் அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறேன்.

உங்கள் அச்சுக்கோர்ப்புத் தொழில் இங்கே சொல் சொல்லாக உயிரோடு இருக்கிறது அப்பா. வரி இடைவெளியை இங்கே லெடிங் என்கிறார்கள். வரிகளுக்கு நடுவே நீங்கள் ஈயப் பட்டை செருகுவீர்களே, அந்த ஈயத்தின் பெயர்தான் அது. ஆங்கிலப் பெரிய எழுத்தை அப்பர் கேஸ் என்பதும் மேலே இருந்த எழுத்துப் பெட்டியால்தான். பக்கத்து மேசைப் பையனுக்கு இது தெரியவில்லை. நான் சொன்னேன். சொல்லும்போது உங்கள் விரல் நுனிக் கறுப்பு ஞாபகம் வந்தது.

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான்.

விளம்பரம் போகிற மொழிகளில் தமிழும் ஒன்று. அதன் புரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் தாள், என் கைக்கு வரவேண்டிய வேலையே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த தாள்களைத் தாண்டிப் போகும்போது கண்ணில் பட்டது. "கொண்டு" என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னால் இல்லை. ககரம் தனியாக நிற்க, அதற்குப் பின்னால் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதைச் சுற்றிக் கொம்பும் காலும். இன்னொரு வரியில் மெய்யெழுத்து ஒரு வரியிலும் அதன் புள்ளி அடுத்த வரியிலும் விழுந்திருந்தது. மொழிபெயர்ப்பில் ஒரு தவறும் இல்லை. கோப்பில் தமிழ் சரியாகத்தான் இருந்தது, பக்கத்தில் கொட்டும்போது உடைந்திருக்கிறது. பல பேர் பார்த்து ஒப்புதல் தந்த தாள் அது. அவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

ஏன் உடைந்தது என்று உங்களுக்குச் சொல்ல ஆசை. நீங்கள் ஈய எழுத்துகளை அடுக்கும் ஸ்டிக்கில் கோர்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கோர்ப்பீர்கள். முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து க, அடுத்து கால். கணினி அப்படி வைத்துக்கொள்வதில்லை. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் வாயால் சொல்கிற வரிசைதான்: முதலில் க, பிறகு ஒகரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னே கொண்டுபோய், காலைப் பின்னே வைப்பது எழுத்தை வரைகிற மென்பொருளின் பொறுப்பு. பக்கம் கட்டும் மென்பொருளில் அதற்குத் தகுந்த கம்போசர், அதாவது எழுத்துகளை வரியாக அடுக்கும் பகுதி, உண்டு. எங்கள் மூலக் கோப்பில் ஐரோப்பிய எழுத்துக்கான கம்போசரே தேர்வாகியிருந்தது. அது எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிட்டுப் போய்விட்டது. பாருங்கள், அச்சுக்கோர்க்கிற உங்களைப் போலவே அதற்கும் கம்போசர் என்றுதான் பெயர்!

மேலாளரிடம் சொல்ல அரை மணி நேரம் தயங்கினேன். அவர் வயதில் பெரியவர், ஆனாலும் இங்கே எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது இன்னும் வாய்க்கு வரவில்லை. இன்டர்ன் வந்து ஒப்புதலான தாளைத் தப்பு என்று சொல்லலாமா? கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் சரியான வடிவத்தையும் தப்பான வடிவத்தையும் பெரிதாகக் கையால் எழுதி எடுத்துப்போனேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அச்சை நிறுத்தச் சொன்னார். தமிழ்ப் பக்கங்களை முழுதாக என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதிலும் சும்மா கம்போசரை மாற்றினால் தீர்ந்துவிடவில்லை. தலைப்பெல்லாம் அப்பர் கேஸில் வர வேண்டும் என்கிறது பிராண்ட் கைடு. தமிழில் அப்பர் கேஸ் ஏது? தடித்த எழுத்தும் சற்றுக் கூடுதல் அளவும் போட்டு அந்த அழுத்தத்தைக் கொண்டுவந்தேன். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் மேல்வரியின் உகரச் சுழி கீழ்வரியின் புள்ளியில் இடித்தது, இடைவெளியைக் கூட்டினேன். எழுத்துகளை நெருக்கிப் போடும் பழக்கத்தைத் தமிழுக்கு மட்டும் விட்டேன். கம்பெனிக்கென்று செய்த எழுத்துருவில் தமிழே கிடையாது, அதனால் நோட்டோ தமிழ் என்ற எழுத்துருவை எடுத்துக்கொண்டோம். எழுத்துரு இல்லாத இடத்தில் வருமே வெற்றுக் கட்டம், அதை இங்கே டோஃபு என்பார்கள். அந்த டோஃபு இனி வேண்டாம் என்பதிலிருந்துதான் நோட்டோ என்ற பெயரே பிறந்தது.

மற்றபடி வாழ்க்கை ஓடுகிறது. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அறை சிறியது, சம்பளத்தில் பாதி அதற்கே போகிறது, மீதி போதும், கவலைப்படாதீர்கள். புதன்கிழமைதோறும் எல்லார் வேலையையும் சுவரில் ஒட்டி விமர்சிப்பார்கள். முதல் தடவை என் நெஞ்சு படபடத்தது. "பிடிக்கவில்லை" என்று மட்டும் அங்கே யாரும் சொல்லக்கூடாது, எது ஏன் படிக்க முடியவில்லை என்று காரணம் சொல்லியாக வேண்டும். அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இன்டர்ன்ஷிப்புக்குப் பிறகு வேலை தருவார்களா என்று இப்போது சொல்ல முடியாது. அடுத்து வரும் இன்டர்ன்களுக்காகத் தமிழ்ப் பக்கம் கட்டுவது எப்படி என்று ஒரு குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கைடில் அது சேரப்போகிறது.

அதற்கு உங்கள் உதவி வேண்டும் அப்பா. உங்கள் எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து இருந்தது, கொம்பும் காலும் எங்கே, அடிக்கடி வேண்டிய எழுத்துகளைக் கைக்கு எட்டும் இடத்தில் எப்படி வைத்திருந்தீர்கள் என்று ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். அளவெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஞாபகத்தில் இருக்கிறபடி வரைந்தால் போதும். அம்மாவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புதன்கிழமைக்குள் கிடைத்தால் சுவரில் ஒட்டிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் மகள்