பிரசங்க பீடத்தின் சாவி உங்கள் கையில்

கோலாலம்பூர் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஞாயிறு பள்ளியில் பதினெட்டு வருடமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பாரத்தோடு இதை எழுதுகிறேன்.

எங்கள் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து வந்த ஊழியக்காரர் முதல் நாள் நன்றாகத்தான் பேசினார். இரண்டாம் நாள், விசுவாசம் இருக்கிறவனுக்கு மாத்திரை எதற்கு என்று கேட்டார். மூன்றாம் நாள், விதைத்தால் பலமடங்காகத் திரும்பி வரும் என்ற பேரில் பணம் கேட்கிற 'விதைக் காணிக்கை' கவர்கள் வரிசை வரிசையாக வந்தன. பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையின் கதையைச் சொல்லி, கடைசி மாவைத் தேவமனிதனுக்குக் கொடு, பானை நிரம்பும் என்றார். என் பக்கத்தில் இருந்த அக்கா ஆபீஸ் துப்புரவு வேலை செய்தவர். 55 வயதில் எடுத்த இபிஎப் (தொழிலாளர் சேமநிதி) பணம்தான் அவருடைய கையிருப்பு. கவரை மடியில் இருந்த வேதப்புத்தகத்தின்மேல் வைத்து 3,000 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதினார். பூஜ்யங்களை நிதானமாகப் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அப்புறம் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் கிடைக்கிற மாத்திரை. கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் விசுவாசம்தான் பத்தலையா, டீச்சர்?" என்று கேட்டார்.

கள்ளப்போதகம் செய்கிற வேலை இதுதான். பணத்தை எடுத்துக்கொண்டு, பழியை நோயாளியின் தலையில் வைத்துவிட்டுப் போகிறது.

வேதத்தில் அப்படியா இருக்கிறது? எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழத்தை வைத்துக் கட்டச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு அப்போஸ்தலன் பவுல் சொன்னது கைவைத்தியம். இன்னொரு உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று அதே பவுல் எழுதுகிறார். அவனுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று ஒரு வரிகூட இல்லை.

சாறிபாத் விதவையின் கதையிலும் எலியா மாவை வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. அந்த வீட்டிலேயே தங்கினார். அவரும் அவளும் அவள் வீட்டாரும் அதே பானையிலிருந்து அநேக நாள் சாப்பிட்டார்கள். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றியும் அடிக்கடி பிரசங்கம் கேட்கிறோம். மாற்கு 12-இல் அதற்கு நேர் முன்வசனத்தை வாசியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் பிரித்து வாசித்தால் அர்த்தமே மாறிவிடுகிறது.

ஞானஸ்நானம் தெளித்துக் கொடுப்பதா முழுக்கிக் கொடுப்பதா, ஆராதனையில் டிரம்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் நான் கள்ளப்போதகம் என்று சொல்லவில்லை. லுத்தரனும் மெதடிஸ்டும் பெந்தெகொஸ்தேயும் ஒரே வீட்டில் இருக்கிற குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு, என் குடும்பமும் அதில் ஒன்று. அந்த வித்தியாசங்களோடு நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து ஜெபிக்கிறோம். நான் பேசுவது சுவிசேஷத்தையே விலைபேசுகிற போதனையைப் பற்றி.

கள்ளப்போதகர்களாகிய ஓநாய்கள் வரும் என்று பவுல் எச்சரித்தது எபேசு மூப்பர்களை. அவர்களை மிலேத்துவுக்கு வரவழைத்துப் பேசினார். உங்களிலும் சிலர் எழும்புவார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அதனால் உங்களிடம் கேட்கிறேன். வெளியார் ஒருவருக்குப் பீடத்தைக் கொடுக்கும் முன் அவருடைய முழுச் செய்திகள் மூன்றையாவது கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற இரண்டு நிமிடத் துண்டு போதாது. பணத்தைப் பற்றியும் சுகத்தைப் பற்றியும் அவர் என்ன போதிக்கிறார் என்று நேரில் கேளுங்கள், கோபப்பட்டால் அதுவே பதில். அவருடைய கவர்கள் நம் வாசலைத் தாண்ட வேண்டாம். தவறு நடந்துவிட்டால் அடுத்த ஞாயிறே, அதே பீடத்திலிருந்து, வேதத்தைத் திறந்து திருத்துங்கள். எங்கள் சபையில் அது நடக்கவில்லை. சங்கடமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

தமிழில் புதிய ஏற்பாடு 1715-லேயே தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது. ஆனால் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இன்று அதை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிச் சரிபார்த்த பெரோயா ஊராரைப் போல இவர்கள் வளர வேண்டுமானால், புதன்கிழமை வேதபாடத்தை மறுபடி தொடங்குங்கள். பாடம் எடுக்க நான் வருகிறேன்.

அந்த அக்கா இப்போது சபைக்கு வருவதில்லை. இந்த வாரம் உங்களில் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். நடக்க முடியாததால் பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார். அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை