வீடியோ காலில் பொய் தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ காலில் முகத்தைக் கவனித்தாலே பொய்யைப் பிடித்துவிடலாம் என்று சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் உளவியலாளர் பால் எக்மனைத் துணைக்கு அழைத்திருந்தார்கள். அடக்கிவைத்த உணர்ச்சி நொடியில் 25-ல் ஒரு பங்கு நேரம்கூட முகத்தில் தோன்றி மறையலாம் என்றவர் அவர். சரி, ஆனால் அந்த உணர்ச்சி ஏன் வந்தது என்பதை முகம் காட்டாது என்று எச்சரித்தவரும் அவர்தானே! மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும், உண்மையைச் சொல்லியும் நம்பமாட்டார்களோ என்ற பயமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எங்கள் கோத்தகிரிப் பக்கம் வந்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆன்லைனில் வேலை நேர்காணல். அவர்கள் வீட்டில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். ஊறுகாய் பாட்டிலில் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பேசினாள். கேமரா ஃபோனின் உச்சியில். கேட்பவரின் முகமோ திரைக்கு நடுவில். அவள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள், ஆனால் அந்தப் பக்கம் கண்ணைத் தாழ்த்திக்கொண்ட மாதிரிதான் தெரிந்திருக்கும். மழைக்காற்றில் கேள்வி வந்து சேரவே நேரமாகிறது, பதில் போக இன்னும் நேரம். "யாரோ சொல்லித் தருகிறார்கள்" என்று பாதியிலேயே முடித்துவிட்டார்கள். அம்மா தேயிலை பறிக்கப் போயிருந்தார். வீட்டில் வேறு ஆளே இல்லை. அந்தப் பிள்ளை அழுததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிக்னல் குறையும்போது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையும் குறையும், முகமும் மங்கிப்போகும். கண்ணிமைக்கும் நேர அசைவு இங்கே வந்தே சேராது. நேரில் பார்த்தால்கூட நம் கணிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. பாண்ட், டிபாலோ என்ற இருவர் 24,000-க்கும் மேற்பட்டவர்களின் கணிப்புகளைத் திரட்டி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பொய்யா மெய்யா என்று சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம்தான். காசைச் சுண்டினாலே 50 வரும்.

இன்னொரு கவலையும் உண்டு. போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, "டிஜிட்டல் அரெஸ்ட்", அதாவது அழைப்பிலேயே கைது செய்துவிட்டோம் என்று பணம் கேட்டு மிரட்டுகிற மோசடிக்காரனுக்கு அதுவே தினசரித் தொழில். முகம் ஏன் தடுமாறப் போகிறது? கட்டுரையை நம்பி அவன் முகத்தை ஆராய்கிறவர்கள் பணத்தைத்தான் இழப்பார்கள்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சந்தேகம் வந்தால் சாதாரண ஃபோனில் கூப்பிட்டு, எதிர்பாராத கேள்வி இரண்டு கேட்கட்டும். அடுத்த இதழில் ஒரு கட்டம் கட்டி இதையும் போடுங்கள்: டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவும் இல்லை, அழைப்பைத் துண்டியுங்கள், பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்