மவுஸ கழட்டி பீரோவுல வச்சாச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம உங்க பேப்பர்ல கண்ணு தெரியாத ஒரு தம்பி கம்ப்யூட்டர்ல வேல பாக்குறத பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, என் பொண்ணு வாசிச்சு காமிச்சா. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா அதிசயம், தன்னம்பிக்கை, சாதனைன்னு பத்து எடத்துல வந்துச்சே ஒழிய அந்த தம்பி என்ன சாஃப்ட்வேர் வச்சிருக்காரு, எங்க கத்துக்கிட்டாரு, காசு எவ்ளோ ஆச்சுன்னு ஒரு வரி இல்ல. அந்த ஒரு வரி கெடைக்காமத்தான் நான் 7 வருஷத்த வீணாக்குனேன், அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், வெட்டுறதுன்னா வெட்டிக்கோங்க.

நான் சிவகாசில டிடிபி ஆப்பரேட்டர். 19 வயசுல உக்காந்த சீட்டு, இப்ப 46. கல்யாண பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், காலண்டர் சீசன் வந்துட்டா ராத்திரி பகல் கெடையாது, தினசரி காலண்டர்ல ராகுகாலம் எமகண்டம் சூலம்னு பொடி எழுத்துல வரும்ல, அதெல்லாம் அடிச்சு புரூஃப் பாத்த கண்ணு இது. ராத்திரில சரியா தெரியாதுங்குறது சின்னதுலருந்தே உண்டு, மாலைக்கண்ணு, முருங்கக்கீர தின்னா போயிரும்னு அப்பத்தா ஆக்கிப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. 35 வயசுல ஒரு நாள் சாயங்காலம் பைக்க கொண்டு போயி ஓரமா நின்ன மாட்டு வண்டில விட்டப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு போனோம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசான்னாங்க, சுருக்கமா ஆர்பி. விழித்திரை ஓரத்துலருந்து செத்துக்கிட்டே வரும், கடைசில நடுவுல மட்டும் குழாய் வழியா பாக்குற மாதிரி ஒரு ஓட்ட மிஞ்சும். எங்கம்மாவ கட்டுனது அவங்க சொந்த தாய்மாமா, ரெண்டு பக்கமும் சத்தமில்லாம இருந்த ஒரே கோளாறு என்கிட்ட வந்து சேந்துருச்சுன்னு டாக்டர் பேப்பர்ல படம் போட்டு காமிச்சாரு.

இதுல ஒரு கொடும என்னன்னா பாக்குறவங்களுக்கு நம்ம நடிக்கிற மாதிரியே இருக்கும். பஸ்ல உக்காந்து உங்க பேப்பர படிப்பேன், எறங்குறப்ப பக்கத்துல நிக்கிறவரு கால மிதிச்சிருவேன், இப்பதான பேப்பர் படிச்சான், கண்ணு தெரியலன்னு கார்டு வேற வச்சிருக்கான் பாருன்னு காதுபடவே பேசுவாங்க. பார்வை பரப்பு 10 டிகிரிக்கு கீழ போயிட்டா 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அவர் பார்வையில்லாதவர்தான், நடு ஓட்டையில பொடி எழுத்து தெரிஞ்சாலும் சரி. இத எத்தன கண்டக்டர்கிட்டதான் சொல்றது.

ஆஸ்பத்திரிக்கு 6 மாசத்துக்கு ஒருக்க போவேன், பார்வை பரப்ப அளக்குற ஃபீல்டு டெஸ்ட் எடுப்பாங்க, போன தடவைய விட கருப்பு கூடியிருக்குன்னு காமிப்பாங்க, இதுக்கு வைத்தியம் இல்ல, மனச விட்றாதீங்கன்னு அனுப்புவாங்க. அவங்கள திட்டல, இல்லாதத இல்லன்னு சொன்னாங்களே, அதுவே பெருசு, நடுவுல ஒரு லேகியக்காரன்கிட்ட 40,000 ரூவா குடுத்து ஏமாந்தவன் நான். ஆனா ஒவ்வொரு தடவையும் என்ன வேல பாக்குறீங்கன்னு கேப்பாங்க, கம்ப்யூட்டர் வேலன்னு சொல்லுவேன், அதுக்கப்புறமும் ஸ்கிரீன்ல இருக்கறத வாய்விட்டு வாசிச்சுக் காட்டுற ஸ்கிரீன் ரீடர்னு ஒண்ணு இருக்கு, இப்பவே கத்துக்க ஆரம்பிங்கன்னு ஒரு துண்டு சீட்டுல எழுதிக் குடுக்க 7 வருஷத்துல ஒருத்தருக்கும் தோணலயே.

அந்த 7 வருஷமும் நான் பண்ண கூத்து தனி. எழுத்த பெருசாக்குனா சரியாயிரும்னு நெனச்சு விண்டோஸ் கீயையும் பிளஸ்ஸையும் அமுக்கி அமுக்கி பெருசாக்குவேன், ஆர்பிக்கு அது வேலைக்காகாது, எழுத்து பெருசாக ஆக ஓட்டைக்குள்ள ரெண்டு எழுத்துதான் நிக்கும், "திரு" தெரியும் "மணம்" எங்கயோ போயிரும். மவுஸ் அம்பு எங்கன்னு தேடுறதுக்குள்ள கஸ்டமர் டீ குடிச்சுட்டே வந்துருவாரு. ஒரு பத்திரிகைல மாப்பிள்ள வீட்டு பேர பொண்ணு வீட்டு பக்கம் ஒட்டிட்டேன், 500 காப்பி அடிச்சப்புறம்தான் தெரிஞ்சுச்சு, மொதலாளி ஒண்ணும் சொல்லல, ஆனா அடுத்த வாரத்துலருந்து எனக்கு வெறும் பில் புக்கு வேலையா வந்துச்சு.

அப்பதான் என் மச்சினன் மதுரைல ஒரு பேங்க்குக்கு லோன் விஷயமா போனவன், அங்க கவுண்டருக்கு உள்ள பொறவியிலயே கண்ணு தெரியாத ஒரு ஆபீசர் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு சடசடன்னு அடிக்கிறத பாத்து நம்பர் வாங்கிட்டு வந்தான். அந்த தம்பி என்னைய விட 20 வயசு சின்னவரு. இன்னிய வரைக்கும் நேர்ல பாத்ததில்ல, எல்லாமே ராத்திரி 9 மணிக்கு மேல போன்லதான். மொத நாளு அவரு சொன்ன மொத வார்த்த, "அண்ணே, மவுஸ கழட்டி பீரோவுல வச்சு பூட்டிருங்க, சாவிய அண்ணிகிட்ட குடுத்துருங்க."

காசு விஷயத்த மொதல்ல சொல்லிர்றேன், ஏன்னா அதுக்கு பயந்தே நெறய பேரு பக்கத்துல போறதில்ல. ஜாஸ்னு ஒரு ஸ்கிரீன் ரீடர் இருக்கு, 1989ல டாஸ் காலத்துலயே வந்தது, டெட் ஹென்டர்னு பைக் ரேஸ் ஓட்டுன அமெரிக்காக்காரரு கார் ஆக்சிடென்ட்ல பார்வ போனப்புறம் உண்டாக்குனது, நல்ல சாமான் ஆனா காசு குடுத்து வாங்கணும். நான் வச்சிருக்கறது என்விடிஏ. ஆஸ்திரேலியால மைக்கேல் கர்ரன்னு ஒருத்தரு 2006ல ஆரம்பிச்சாரு, ஜேம்ஸ் டேன்னு இன்னொருத்தரு சேந்துக்கிட்டாரு, ரெண்டு பேருக்குமே கண்ணு தெரியாது. பைசா கெடையாது, டவுன்லோடு பண்ணி போட்டுக்க வேண்டியதுதான். கன்ட்ரோல், ஆல்ட், என் மூணு கீயையும் சேத்து ஒரே ஒரு தடவ அமுக்குனா பேச ஆரம்பிச்சிரும், கன்ட்ரோல் மட்டும் அமுக்குனா வாய மூடிக்கும். இந்த ரெண்டாவத எனக்கு மொத வாரமே சொல்லித் தந்திருந்தா பாதி தலைவலி மிச்சம்.

குரல பத்தி சொல்லணும். கூடவே வர்ற தமிழ் குரல் தகர டப்பாக்குள்ள ஆள் உக்காந்து பேசுற மாதிரி இருக்கும், என் வீட்டம்மா யாருங்க அது சளி புடிச்ச மாதிரின்னு கேட்டாங்க. அப்புறம் விண்டோஸ்லயே தமிழ் குரல் ஒண்ணு கெடைக்கும், பேரு வள்ளுவர், அத எறக்கி மாட்டிக்கிட்டேன், இப்ப எங்க வீட்டுல வள்ளுவர்தான் ராகுகாலம் வாசிக்கிறாரு. ஆரம்பத்துல எறும்பு வேகத்துல வச்சிருந்தேன், இப்ப நான் வச்சிருக்க வேகத்துல பேசுனா வீட்டுல யாருக்கும் ஒரு சொல் புரியாது, வண்டு பறக்குற மாதிரி இருக்குன்னு பொண்ணு சொல்லுவா.

கத்துக்கிட்டதுல கஷ்டம் கீயெல்லாம் இல்ல, நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், வெரலுக்கு கீபோர்டு தெரியும். கஷ்டம் என் கண்ணுதான், அந்த மிச்சம் இருந்த ஓட்ட. போன ஸ்பீக்கர்ல போட்டு கம்ப்யூட்டர் பக்கத்துல வச்சிருவேன், என் கம்ப்யூட்டர் பேசுறது தம்பிக்கும் கேக்கும், டேப் அமுக்கச் சொன்னா ஷிப்ட் டேப் அமுக்குறத மதுரைல உக்காந்தே கண்டுபிடிச்சிருவாரு. ஒரு நாள் மெனுல என்ன இருக்குன்னு கேட்டாரு, நான் சொன்னேன், டக்குனு "அண்ணே, மானிட்டர அணைங்க"ன்னாரு. எப்பிடி தம்பி தெரிஞ்சுச்சுன்னு கேட்டா, "அது வாய தொறக்குறதுக்கு முன்னாடியே நீங்க பதில் சொல்றீங்களேண்ணே"ன்னாரு. எனக்கு சிரிப்பா வந்துச்சு, கொஞ்சம் அவமானமாவும் இருந்துச்சு, அன்னைக்கு மானிட்டர அணைச்சுட்டு உக்காந்தா கைய விட்டுட்டு நடுக்கெணத்துல நிக்கிற மாதிரி ஆயிருச்சு, அரைமணி நேரம் டெஸ்க்டாப்ப விட்டு வெளிய வர முடியல. படுத்தப்புறம் தூக்கம் வரல. ஆனாலும் சொல்றேன், அந்த மிச்ச பார்வை இருக்கப்பவே கத்துக்கிட்டது நல்லதாப் போச்சு, எங்கயாவது மாட்டிக்கிட்டு பொட்டி பேசாம நின்னுட்டா மானிட்டர போட்டு ஒரு கண்ணு பாத்துட்டு மறுபடி அணைச்சுக்கலாம்ல. முழுசா போனப்புறம்தான் கத்துக்கணும்னா அழுகையும் பாடமும் ஒரே நேரத்துல நடக்கும்.

நாலு மாசத்துல நெட்ல மேயுற அளவுக்கு வந்துட்டேன். எச் அமுக்குனா தலைப்பு தலைப்பா தாவும், கே அமுக்குனா லிங்க், பி அமுக்குனா பட்டன். மறுபடி வேலையும் புடிச்சேன், இப்ப வீட்டுலருந்து மேட்டர் அடிச்சு புரூஃப் பாத்துக் குடுக்குறேன், டிசைன் வேற பையன் பாத்துக்குவான். காதால புரூஃப் பாக்க முடியுமான்னு எல்லாரும் கேப்பாங்க, முடியும், ஆனா தமிழ்ல ஒரு சிக்கல், பள்ளின்னு அடிச்சோமா பல்லின்னு அடிச்சோமான்னு ஓடுற வேகத்துல காதுக்கு புடிபடாது, ன வும் ண வும் அப்பிடித்தான். அதுக்கு ஒரு வழி இருக்கு, அந்த எழுத்து மேல நின்னு நம்பர் பேட்ல 2 ஐ மூணு தடவ அமுக்குனா கம்ப்யூட்டர் அந்த எழுத்துக்கு வச்சிருக்க நம்பர சொல்லும். ல 2994, ள 2995, ழ 2996. சந்தேகம் வந்தா நம்பர கேட்டுக்குவேன். வீட்டுல சண்ட வந்தா பொண்ணு என்னைய 2996னு கூப்புடுறா, அப்பா அழுறதுக்கு ழகரம் போட்ட எழுத்தாம்.

ஒரு நாள் என் பழைய ஹார்டு டிஸ்க்க மாட்டி 20 வருஷ ஃபைல ஒண்ணு ஒண்ணா தொறந்தேன். தமிழ்னு நான் அடிச்சு வச்ச எடத்துல "ஜே கே பி ஓ செமிகோலன்"னு வாசிக்குது. எல்லாம் பாமினி ஃபான்ட்டு. உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் சட்ட போட்டிருக்கும், கண்ணுக்கு சட்ட தெரியும், ஸ்கிரீன் ரீடருக்கு சட்ட தெரியாதுல்ல. என் கல்யாண பத்திரிகைய நானேதான் அடிச்சேன், அதுவும் அப்பிடித்தான் கெடந்துச்சு, எங்கம்மா பேரு வர்ற எடத்துல ஏதோ எலி கீச்சுற மாதிரி. என்எச்எம் கன்வெர்ட்டர்னு இலவசமா ஒண்ணு இருக்கு, அதுல போட்டு, தமிழ் எழுத்த தமிழ் எழுத்தாவே வச்சிருக்குற யூனிகோடுக்கு மாத்துனப்புறம் வள்ளுவர் எங்கம்மா பேர தெளிவா வாசிச்சாரு, அம்மா போயி 6 வருஷமாச்சு.

இத ஏன் உங்களுக்கு சொல்றேன்னா உங்க இ-பேப்பரும் இதே கததான். பக்கம் பக்கமா படம் புடிச்சு ஏத்தி வச்சிருக்கீங்க, என் மெஷினுக்கு அது எழுத்தே இல்ல, "கிராபிக்"னு ஒரு சொல் சொல்லிட்டு நின்னுக்கும். வெப்சைட்ல எழுத்தா இருக்கு, நன்றி, ஆனா அங்க "மேலும் படிக்க" "மேலும் படிக்க"ன்னு வரிசையா லிங்க், எதப் பத்தி மேலும் படிக்கன்னு தெரியல, போட்டோவுக்கு விளக்கம் எழுதாம விட்டா ஃபைல் பேர நம்பர் நம்பரா வாசிக்குது. செய்திக்கு தலைப்ப பெரிய எழுத்துல போட்டா மட்டும் பத்தாது, அத தலைப்புன்னு வெப்சைட் புரோகிராம்லயும் குறிச்சா ஒரு எச்ல நான் அடுத்த செய்திக்கு போயிருவேன். உங்க ஐடி பசங்களுக்கு இது ஒரு நாள் வேல. தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோடுக்கு ஆணை போட்டாச்சு, அப்பிடியும் பல எடத்துலருந்து பழைய ஃபான்ட்டுல பிடிஎஃப் வருது, அதையும் கொஞ்சம் எழுதுங்க.

பேங்க் ஆப்புல கேஒய்சி, அதான் நம்ம யாருன்னு சரிபாக்குறது, அத பண்றப்ப வட்டத்துக்குள்ள மூஞ்சிய வை, கண்ண சிமிட்டுன்னு சொன்னத பத்தி தனியா ஒரு லெட்டரே எழுதலாம், வட்டம் எங்க இருக்குன்னு யாரு சொல்றது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30ந் தேதி டிஜிட்டல் வசதி கெடைக்கிறது வாழும் உரிமையில சேந்தது, கேஒய்சிய எல்லாருக்கும் ஏத்த மாதிரி மாத்துங்கன்னு சொல்லிருச்சு, எனக்கு இன்னும் பொண்ணுதான் போன புடிச்சுக்கிட்டு "அப்பா கொஞ்சம் எடது பக்கம்"ங்கிறா.

ஆர்பி, கிளாக்கோமான்னு சீட்டு வாங்கிட்டு வந்து வீட்டுல முடங்கி கெடக்குறவங்க உங்க வாசகர்ல இருப்பாங்க, அவங்களுக்காவது என்விடிஏங்குற பேரு போய்ச் சேரட்டும், அந்த ஒரு சொல்ல மட்டும் வெட்டிறாதீங்க. இன்னொண்ணு, இந்த லெட்டர போட்டா வெப்சைட்லயும் எழுத்தா போடுங்க. இ-பேப்பர்ல மட்டும் வந்துச்சுன்னா நான் எழுதுனத நானே பொண்ண கூப்புட்டுத்தான் வாசிக்கச் சொல்லணும், அவளுக்கு அடுத்த வாரம் பரீட்ச.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
சிவகாசி.